‘ஒன்றுமில்லை’ என்றால் என்ன? சோதனையில் பிடிபடாத வயிற்று வலியும் அதைத் தொடரும் பயமும்

மருந்துக்கடைக் கண்ணாடி மேசையின் மேல் அந்த அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். உள்ளே ஸ்கோப் அறிக்கை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் படம், மூன்று கிளினிக்குகளின் மருந்துச் சீட்டுகள். ஒரு தாளின் மூலைகூட மடங்கவில்லை. வீட்டு மனைப் பத்திரத்தைக்கூட நம் ஆட்கள் இவ்வளவு பத்திரமாக வைப்பதில்லை.

“ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் தம்பி. ஒன்றுமில்லை என்றால் பிறகு ஏன் வலிக்கிறது?” என்றார்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன், அவ்வளவுதான். இந்த வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வயிற்றைப் பற்றிப் பேசும் சொற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன: கேஸ்ட்ரிக், வாயு, குடல் ஏறிவிட்டது, யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள். இவற்றோடு கைத்தொலைபேசி இப்போது இன்னொரு சொல்லைச் சேர்த்திருக்கிறது: புற்றுநோய். அந்த அக்காவின் கேள்விக்கு இந்தச் சொற்களில் ஒன்றுகூடப் பதில் ஆகாது. ஆனால் பதில் இருக்கிறது. மேசையோரம் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கெண்டைக்காலில் இருந்து தொடங்குவோம்

நள்ளிரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை எல்லாரும் அனுபவித்திருப்போம். அலறி எழுந்து, காலை நீட்டி, பெருவிரலைப் பிடித்து இழுத்து, கோடாலித் தைலத்தைத் தேடுவோம். மறுநாள் அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு ஒழுங்காகத்தான் இருக்கும். அதற்காக இரவு வந்த வலி பொய் என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவோம். தசை இறுகியது, வலித்தது, விட்டது. காலில் எதுவும் உடையவில்லை. கால் வேலை செய்த விதத்தில்தான் கோளாறு.

குடலும் தசையால் ஆன குழாய்தான். சிறுகுடல் மட்டுமே ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். இரவும் பகலும் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும் அந்தக் குழாய் எப்போதாவது தவறான வேகத்தில் ஓடலாம், ஓரிடத்தில் இறுகலாம், சாதாரண அசைவைக்கூட வலியாக மூளைக்குச் சொல்லலாம். ஸ்கோப் என்பது நுனியில் கேமரா வைத்த வளையும் குழாய். புண், கட்டி, வீக்கம் இருந்தால் காட்டும். போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் குடல் எப்படி நெளிந்தது என்பதை அதனால் காட்ட முடியாது.

ஆக, டாக்டர் “ஒன்றுமில்லை” என்றபோது சொல்ல வந்தது “சேதம் ஒன்றுமில்லை” என்பது. அக்காவின் காதில் விழுந்தது வேறு. “உங்களுக்கு வலியே இல்லை, எல்லாம் மனப்பிரமை” என்று விழுந்திருக்கலாம். அல்லது “எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை” என்று. முதல் அர்த்தம் வெட்கப்பட வைக்கும். இரண்டாவது அர்த்தம் அடுத்த ஸ்கோப்புக்குப் பணம் புரட்ட வைக்கும். இரண்டுமே தவறு.

உறுப்பில் சேதம் இல்லாமல் அதன் வேலையில் மட்டும் கோளாறு வருவதை மருத்துவத்தில் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். இவற்றில் அதிகம் பேசப்படுவது ஐ.பி.எஸ். என்னும் எரிச்சல் குடல் கோளாறு: வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அதோடு மலம் கழிக்கும் தடவையிலோ மலத்தின் தன்மையிலோ மாற்றம், இப்படிப் பல மாதம் தொடர்வது. 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று 33 நாடுகளில் மக்களிடம் கேட்டுப் பார்த்தது. இணையவழியில் பதில் சொன்னவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. பஸ்ஸில் உங்களோடு ஈப்போவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: சோதனை தேடுவது சேதத்தை, வலி சேதம் இல்லாமலும் வரும், அப்படி வரும் வலியும் வலியே.

துரை பங்களாவும் வெட்டுக்காடும்

தேர்வு முடிவு வரும் நாளில் வயிற்றைக் கலக்குகிறது. வட்டி கேட்டு ஆள் வந்து நின்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் வயிறு எரிகிறது. பிள்ளை வீடு திரும்பாவிட்டால் பெற்ற வயிறு பற்றிக்கொள்கிறது. மனத்தில் நடப்பதை வயிற்றில் வைத்துச் சொல்லும் பழக்கம் நம் மொழிக்குப் புதிதில்லை. விஞ்ஞானம் இந்த விஷயத்தில் நம் பாட்டிமாருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இது எப்படி நடக்கிறது? தோட்டத்தில் வேலை நடந்த முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மேட்டுப் பங்களாவில் இருப்பார். ஆனால் விடியற்காலையில் பெரட்டு (ஆள் கணக்கு) எடுப்பதும், எந்த நிரைக்கு யார் என்று பிரித்து அனுப்புவதும், மழை வந்தால் வேலையை நிறுத்துவதும் மண்டோர் என்னும் மேற்பார்வையாளர்தான். துரை தூங்கிக்கொண்டிருந்தாலும் பால்மரம் வெட்டும் வெட்டுக்காட்டில் வேலை நடக்கும்.

மூளை துரை என்றால், குடல் வெட்டுக்காடு. குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். இதன் பெயர் குடல் நரம்பு மண்டலம். இதுதான் மண்டோர். சாப்பாட்டைத் தள்ளுவது, கலக்குவது, நீர் சுரக்க வைப்பது என்று அன்றாட வேலை எல்லாவற்றையும் மூளையைக் கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. உடலில் உள்ள செரட்டோனின் என்னும் செய்தி இரசாயனத்தில் சுமார் 90 விழுக்காடு இருப்பது குடலில்தான். இந்தப் பெயரை மனச்சோர்வு மாத்திரை பற்றிய பேச்சில் மட்டுமே கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

பங்களாவுக்கும் வெட்டுக்காட்டுக்கும் இடையில் ஒரு தொலைபேசிக் கம்பி உண்டு: வேகஸ் நரம்பு. கழுத்து வழியாக இறங்கி வயிறுவரை வரும் நீளமான நரம்பு இது. இதிலுள்ள இழைகளில் பெரும்பங்கு, ஏறத்தாழ 80 விழுக்காடு, கீழிருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன. அதாவது துரை கட்டளையிடுவதைவிட மண்டோர் முறையிடுவதே அதிகம். வழக்கமாக அந்த முறையீடுகளை மூளை காதில் போட்டுக்கொள்வதில்லை. “சரி, சரி” என்று தள்ளிவிடுகிறது. நல்ல உடல்நலம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த அலட்சியம்தான்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் கதை மாறுகிறது. பங்களாவிலிருந்து அவசர மணி அடிக்கிறது. இரைப்பை வேலையை மந்தமாக்குகிறது; சாப்பிட்டது அப்படியே நிற்பது போலவும், குமட்டுவது போலவும் இருக்கும். பெருங்குடலோ எதிர்மாறாக வேகம் பிடிக்கிறது. கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். நேர்முகத் தேர்வு நாளில் ரொட்டி சானாய் உள்ளே இறங்காததற்கும், அரை மணிக்கொரு முறை “இதோ வருகிறேன்” என்று எழுந்து போவதற்கும் காரணம் ஒன்றே.

இதைக் கண்ணால் பார்த்தவர்கூட ஒருவர் உண்டு. 1822-இல் வட அமெரிக்காவில் அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், துளை மட்டும் மூடவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமண்ட் என்ற இராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியே இரைப்பையைப் பல ஆண்டுகள் கவனித்து 1833-இல் நூலாக வெளியிட்டார். அந்த இளைஞர் கோபப்பட்டபோது செரிமானம் தடுமாறியதும் அவர் குறிப்புகளில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒருவர் தன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்பது என் சொந்தச் சந்தேகம்.

ஒலிபெருக்கியின் குமிழ்

இதுவரை சொன்னது எல்லாருக்கும் நடப்பது. சிலருக்கு மட்டும் ஏன் அது மாதக்கணக்கில் நிற்கிறது?

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். பாடுகிறவர் அதே குரலில்தான் பாடுகிறார். குமிழைத் திருப்பியவுடன் மூன்று தெரு தள்ளி இருக்கிற கைக்குழந்தை எழுந்து அழுகிறது. பாட்டு மாறவில்லை, சத்தம் மாறியது.

ஆய்வகங்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து மெல்ல மெல்லக் காற்றை ஏற்றுவார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலர், மற்றவர்கள் “ஏதோ இருப்பது போல் இருக்கிறது” என்று சொல்லும் அளவிலேயே “வலிக்கிறது” என்றார்கள். உள்ளுறுப்பிலிருந்து வரும் சாதாரணச் செய்தியும் இப்படி உரக்கக் கேட்பதற்கு உள்ளுறுப்பு மிகையுணர்வு என்று பெயர். சாப்பாடு நகர்வது, வாயு திரள்வது, பெருங்குடல் சுருங்குவது ஆகிய எல்லாம் எல்லார் வயிற்றிலும் நடக்கின்றன. இவர்களுக்கு மட்டும் குமிழ் மேலே ஏறி நிற்கிறது.

யார் ஏற்றினார்கள்? பல வழி உண்டு. மிகத் தெளிவாகத் தெரிந்த ஒன்று வயிற்றுப்போக்கு. கெட்டுப்போன சாப்பாட்டால் வாந்தியும் பேதியும் வந்து படுக்கிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் வயிற்றுத் தொல்லை மாதக்கணக்கில் நீடிக்கிறது. திருடன் ஓடிவிட்டான், வீட்டு நாய் மட்டும் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் ஏற்கெனவே கவலையில் இருந்தவர்களுக்கு இப்படி ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. எனக்கு நடந்தது இதுதான். ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு ஐந்து நாள் படுத்தேன். ஆறாம் நாள் கடைக்குப் போனேன். வயிறு மட்டும் எட்டு மாதம் என்னோடு சண்டை போட்டது.

சுருக்கினால்: குடலுக்குத் தனி நரம்பு மண்டலம் உண்டு, அது மூளையோடு ஓயாமல் பேசுகிறது, அந்தப் பேச்சின் சத்தம் கூடிவிட்டால் சேதம் இல்லாமலே வலி வரும்.

ஜாகாவின் இரவு

இனிப் பயத்துக்கு வருவோம். உண்மையில் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

செம்பனைக் குலை திருட்டுப்போன வாரத்தில் தோட்டத்துக் காவலாளியான ஜாகாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் மட்டை விழும் சத்தத்திலும் நாற்காலியில் சாய்ந்து தூங்கியவர்தான். திருட்டு நடந்த பிறகு எலி ஓடினாலும் டார்ச் அடிக்கிறார். காட்டில் சத்தம் கூடவில்லை. அவர் காது கூர்மையாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதைத்தான். கூடவே ஒரு வினோதம்: டார்ச் அடித்துப் பார்த்து யாருமில்லை என்றால் அவருக்கு நிம்மதி வருவதில்லை. “ஒளிந்துகொண்டான் போலிருக்கிறது” என்று தோன்றுகிறது.

தனக்குப் பெரிய நோய் இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்ற பயம் மனத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, உடலின் ஒவ்வோர் அசைவையும் அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதை உடல்நலப் பதற்றம் என்கிறார்கள். பழைய ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்கு ஹைப்போகாண்ட்ரியா என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது: விலா எலும்பின் குருத்துக்குக் கீழே உள்ள இடம். மேல்வயிறு! பயத்துக்கு முகவரி எது என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

இந்தப் பதற்றம் வயிற்றைத் தேர்ந்தெடுப்பது தற்செயலில்லை. கை வலித்தால் கையைப் பார்க்கலாம். வயிற்றுக்குள் பார்க்க முடியாது. ஆனால் அது சத்தம் போடும், நகரும், துடிக்கும், தினமும் கழிவறையில் ஒரு சாட்சியத்தை விட்டுவிட்டுப் போகும். துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

என் துப்பறியும் லட்சணத்தைச் சொல்கிறேன். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் காலை கழிவறைத் தொட்டியைப் பார்த்தேன். சிவப்பு. கால் இரண்டும் நடுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆயுள் காப்புறுதிப் பணம் எவ்வளவு வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். கடைக்குப் போனதும் முதல் வேலையாகத் தொலைபேசியில் தேடினேன். தேடத் தேடத் தொண்டை வறண்டது. பத்து மணி வாக்கில் மனைவி அழைத்து, “நேற்று பசார் மாலாமில் வாங்கிய டிராகன் பழம் இன்னும் பாதி இருக்கிறது, வந்தால் சாப்பிடுங்கள்” என்றாள். உள்ளே சிவப்பாக இருக்கும் வகை. அது மலத்தையும் சிறுநீரையும் சிவக்க வைக்கும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுக்க வைக்கும் என்றும் சொல்வேன். தெரிந்திருப்பதும், பயந்திருக்கும்போது நினைவுக்கு வருவதும் ஒன்றல்ல.

இன்னொன்று. ஒல்லியானவர்கள் மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே ஏதோ துடிப்பது தெரியும். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய இரத்தக் குழாயின் துடிப்பு அது. ‘கட்டி துடிக்கிறது’ என்று எத்தனை பேர் என்னிடம் வந்திருப்பார்கள்! துடிப்பைத் தேடி வயிற்றை அழுத்தி அழுத்தி, அழுத்திய இடம் கன்றிப்போய், “பாருங்கள், தொட்டாலே வலிக்கிறது” என்று நிற்பார்கள். ஏப்பமும் அப்படியே. வாயுவை வெளியேற்ற வேண்டும் என்று வலிய ஏப்பம் விடுகிறவர், ஒவ்வோர் ஏப்பத்துக்கும் முன்னால் தன்னையறியாமல் காற்றை உள்ளே இழுக்கிறார். விட விட ஏப்பம் பெருகும்.

வட்டி முதலை

சரி, பயம் வந்தால் ஆறுதல் தேடுவதில் என்ன தவறு? இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. எனக்கும் சறுக்கியது.

அவசரத்துக்கு வட்டி முதலையிடம் கடன் வாங்கியவரைக் கேளுங்கள். பணம் கையில் விழுந்த அன்று என்ன நிம்மதி! அடுத்த வாரம் வட்டி கேட்டு ஆள் வருகிறது. அதைக் கட்ட இன்னொரு கடன். கடைசியில் அசலை அடைக்கவே வழியில்லை.

ஆறுதல் தேடுவதும் இப்படித்தான் வேலை செய்கிறது. வயிறு சுருக்கென்கிறது, பயம் எழுகிறது, தொலைபேசியில் தேடுகிறீர்கள், மனைவியைக் கேட்கிறீர்கள், வேறு கிளினிக்குக்குப் போகிறீர்கள். “ஒன்றுமில்லை” என்று பதில் வருகிறது. அப்பாடா! அந்த நிம்மதி ஒரு மணி நேரம் நிற்கலாம், இரண்டு நாள் நிற்கலாம். ஆனால் மூளை இதற்குள் ஒரு பாடம் படித்துவிட்டது: “நல்ல வேளை, பார்த்தோம். பார்த்ததால்தான் தப்பித்தோம். அடுத்த முறையும் பார்க்க வேண்டும்.” அடுத்த முறை சுருக்கென்றால் இன்னும் சீக்கிரம் மணி அடிக்கிறது. மணி அடித்தால் குடல் இறுகுகிறது, குமிழ் ஏறுகிறது, வலி கூடுகிறது. வலி கூடினால் மறுபடியும் பயம். வட்டிக்கு வட்டி.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய இடம் இது. நாளைக்கு இருபது முறை “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்பவரும், “சும்மா இரு, எல்லாம் உன் நினைப்பு” என்று எரிந்து விழுபவரும் வேறு வேறு வழியில் அதே கடனை ஏற்றுகிறார்கள். என் மனைவி ஒரு கட்டத்தில் கண்டுபிடித்த பதில் எனக்கு உதவியது: “வலிக்கிறது, தெரிகிறது. ஆனால் இதற்கு நேற்றே பதில் சொல்லிவிட்டேன். வாருங்கள், துணி மடிக்கலாம்.”

ஆக, இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன: சத்தம் கூடிய குடல், சத்தத்துக்காகக் காத்திருக்கும் காது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எது முதலில் வந்தது என்று வாதாடுவதில் பயனில்லை.

கேஸ்ட்ரிக்கும் ‘மருந்து வைப்பதும்’

நம் ஊரில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எது வந்தாலும் கேஸ்ட்ரிக். முறையாகப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு ‘இரைப்பை சார்ந்த’ என்றுதான் பொருள். இந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஐ.பி.எஸ்., பித்தப்பைக் கல், இரைப்பைப் புண், பால் ஒவ்வாதது எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறோம். மக்னீசியம் கலந்த அந்த மருந்துகள் அளவு மீறினால் பேதியாகும்; அந்தப் பேதியைப் பார்த்து மறுபடியும் பயம். மூட்டு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிப் புண் வரவைத்துக்கொண்டு, அதைக் காரச் சம்பல் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு.

ஒரு கிருமியை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் இது என்று காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம். மூச்சுப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம்; ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழிக்கலாம். மேல்வயிற்று வலி நீடித்தால் இதைச் சோதித்தாயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். அப்படிக் கேட்பது பதற்றமில்லை.

‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்பதை நான் கேலி செய்யமாட்டேன். சோதனை எல்லாம் சரி, வலி மட்டும் நிற்கவில்லை என்னும்போது மனம் காரணம் கேட்கிறது. யாரோ சோற்றில் கலந்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். எடுத்துவிட்டேன் என்று ஒருவர் கையில் எதையோ காட்டும்போது சில வாரம் வலி குறையக்கூடச் செய்யும். பயம் குறைந்தால் குமிழ் இறங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆனால் அந்தக் காரணம் தரும் நிம்மதிக்கு விலை, சொந்தக்காரர்களில் ஒருவர் வீட்டில் இனிமேல் கை நனைக்க முடியாது என்பது. அந்த விலையைக் கொடுத்த இரண்டு குடும்பங்களை நான் அறிவேன்.

எப்போது பயப்படுவதே சரி

பயத்தை எல்லாம் தூக்கி எறி என்று சொல்ல இங்கே வரவில்லை. கீழே உள்ளவை இருந்தால் தேடாதீர்கள், கேட்காதீர்கள், நேரே கிளினிக்குக்குப் போங்கள். மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்து நாறும் மலம். முயலாமலே எடை குறைவது. விழுங்கும்போது அடைப்பது. விடாத வாந்தி. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது பேதி. காய்ச்சல், மஞ்சள் காமாலை, இரத்தச்சோகை. கைக்குத் தட்டுப்படும் கட்டி. ஐம்பது வயதை ஒட்டி முதல்முறையாக மலப் பழக்கம் மாறி மாறாமலே நிற்பது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்திருப்பது.

50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று பார்க்கும் சோதனை அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் செய்கிறார்கள். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். பயந்தவர்கள் நான்கு முறை ஸ்கோப் செய்கிறார்கள். பயப்பட வேண்டியவர் இந்த ஒரு ரிங்கிட் சோதனைக்கும் போவதில்லை. என் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதிகம் கோபம் வருவது இதற்குத்தான்.

குமிழை இறக்குவது

ஒரே டாக்டரிடம் போங்கள். வலி வரும்போதெல்லாம் ஓடாமல், ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று தேதி குறித்துப் போங்கள். அபாய அறிகுறி வந்தால் மட்டும் தேதியை மீறுங்கள். ஐந்து டாக்டர்கள் ஒவ்வொருவரும் முதல் பக்கத்தைப் படிப்பதைவிட ஒருவர் முழுக் கதையையும் படிப்பது மேல்.

சாப்பாட்டில் அதிகம் மெனக்கெட வேண்டாம். பெரியவர்கள் பலருக்குப் பால் சர்க்கரை செரிக்காது. இரண்டு வாரம் தே தாரிக்கையும் மைலோவையும் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வெங்காயம், பூண்டு, பருப்பு சிலருக்கு வாயுவைக் கிளப்பும். ஆனால் பயத்தில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் மிஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு அப்போதும் வலிக்கும்; உடம்பு மட்டும் இளைத்திருக்கும். இளைத்ததைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகும்.

மூச்சு. கேட்க எளிது, ஆனால் காரணம் இருக்கிறது. வயிறு எழும்பி இறங்கும்படி, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்து நிமிடம் மூச்சு விட்டால், பங்களாவின் அவசர மணி தணிகிறது. வலி வந்த பிறகு மட்டும் செய்தால் போதாது. சும்மா இருக்கும்போது பழகியிருக்க வேண்டும்.

டாக்டர் சில சமயம் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் எழுதுவார். உறையில் உள்ள தாளில் ‘மனச்சோர்வுக்கு’ என்று பார்த்துவிட்டு, “எனக்குப் பைத்தியமா?” என்று என்னிடம் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அந்த அளவில் அது நரம்புச் செய்தியின் சத்தத்தைக் குறைக்கத்தான். 2023-இல் பிரிட்டனில் ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 10 முதல் 30 மில்லிகிராம் வரையிலான அளவு பலன் தந்தது.

பயத்தின் பக்கத்துக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு: ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகரோடு உட்கார்ந்து, நினைப்பு எங்கே தாவுகிறது, அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்து மாற்றுவது. சுகாதாரக் கிளினிக்கில் கேட்டால் அனுப்புவார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.

அந்தச் சிகிச்சையிலிருந்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றை அக்காவுக்குச் சொன்னேன். கவலைப்படாதே என்றால் யாராலும் முடியாது. அதனால் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. நாளுக்கு இருபது நிமிடம். மற்ற நேரத்தில் பயம் வந்தால் விரட்டவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். ஒரு தாளில் ஒரு வரி எழுதிவிட்டுக் கையிலிருந்த வேலையைத் தொடர வேண்டும். நேரம் வந்ததும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஆசைதீரக் கவலைப்படலாம். அவர் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஆறரை மணி என்று வைத்துக்கொண்டார். முதல் வாரம் தாள் நிறைந்து பின்பக்கமும் எழுதினாராம்.

போன வாரம் ஊதுவத்தியும் பிளாஸ்டரும் வாங்க வந்திருந்தார். கையில் உறை இல்லை. வயிறு எப்படி இருக்கிறது அக்கா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி ஐந்து.

“ஆறரைக்குப் பிறகு கேள் தம்பி” என்றார்.